ஏழு மேல்மாடியில்

லிஃப்ட் மெக்கானிக்குக் கல்யாணமாகிப் பதினொரு மாதம். வயது நாற்பத்தைந்து. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறவர்கள் முதலில் காதைத் தேய்த்துக்கொண்டு, பிறகு வாழ்த்துச் சொல்வார்கள்.

மனைவிக்கு நாற்பத்து மூன்று. போனில் பேசிய முதல் ஆறு வருஷம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அவள் பெரிய மருத்துவமனையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் நின்றுபோனால் மெக்கானிக்கைக் கூப்பிடுவது அவள் பொறுப்பு. "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்குது. உள்ளே ரெண்டு பேர், ஒரு ஸ்ட்ரெச்சர்" என்பாள். "பத்து நிமிஷம் மேடம்" என்பார். அந்த லிஃப்ட்டும் பெரிய மனசு பண்ணி மாதம் இரண்டு தடவை நின்றது. ஏழாம் வருஷம், எதுவுமே நிற்காத ஒரு நாளில், இவரே போன் செய்தார்.

"லிஃப்ட் எல்லாம் ஒழுங்கா ஓடுதா மேடம்?"

"ஓடுதே."

"அப்படியா" என்றார். அந்த "அப்படியா"வில் இருந்த ஏமாற்றம் கம்பி வழியாகப் போய் அவளிடம் சேர்ந்தது. மீதியெல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் அவர் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டார். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் ராங் நம்பர் மாதிரி இருக்கிறது என்று காரணம் சொன்னார்.

இந்த நிலையில்தான் மருத்துவமனை நிர்வாகம் எக்ஸ்சேஞ்சை மூடியது. அதற்குப் பதிலாக ஓர் இயந்திரக் குரலை வைத்தது. அந்தக் குரல் எல்லாரிடமும் மரியாதையாகப் பேசியது, யாரையும் யாருடனும் சேர்த்துவைக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்கு இரண்டு வழி காட்டினார்கள். ஒன்று, அதே கட்டடத்தில் மருந்து கலக்கும் அறை. நோயாளியின் எடையைப் பார்த்து, எத்தனை மில்லி மருந்து என்று கணக்குப் போட்டு, குப்பியில் அளந்து ஊற்றுகிற வேலை. அதற்குப் பரீட்சை உண்டு. இன்னொன்று, ரயிலில் ஏழு மணி நேரம் தள்ளியிருக்கும் கிளை மருத்துவமனை. அங்கே இன்னும் பழைய எக்ஸ்சேஞ்ச் இருந்தது. பரீட்சை கிடையாது. மெக்கானிக்கும் கிடையாது, அவருடைய நாற்பது லிஃப்ட்டும் இந்த ஊரில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

பரீட்சை வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. பத்துக் கணக்கு, பத்து நிமிஷம். மருந்தகத் தலைவி ஒரு அறிவியல் கால்குலேட்டரையும் மாதிரித் தாள்களையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். அந்த அம்மாவுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் லேபிள் அம்மா. மருந்துப் பாட்டிலில் எழுதியிருப்பது போலத்தான் பேசுவார்: சுருக்கமாக, கறாராக, ஆறுதல் எதுவும் சேர்க்காமல்.

"பத்துக்கு எத்தனை எடுத்தா பாஸ் மேடம்?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"பத்து."

"ஒன்பது எடுத்தா?"

"அந்தப் பத்தாவது ஆள் யார் வீட்டுக் குழந்தைன்னு நீங்களே போய் விசாரிச்சுக்கங்க."

திங்கட்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் கால்குலேட்டர் வந்து உட்கார்ந்தது. மெக்கானிக் அதை ஒரு புது மாடல் லிஃப்ட்டைப் பார்ப்பது போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேலே சைன், காஸ், டேன் என்று மூன்று பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். மருந்துக் கணக்கில் அவர்களுக்கு ஒரு ஜோலியும் இல்லை. பெரிய வீட்டில் மாடிப் போர்ஷன் ஆட்கள் மாதிரி, இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். ஷிஃப்ட் என்று ஒரு பொத்தான். அதை அழுத்திவிட்டு எதை அழுத்தினாலும், அழுத்தியது அதன் வேலையை விட்டுவிட்டு வேறு வேலை பார்த்தது. மெக்கானிக் அதிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"டெல் அழுத்தினா கடைசியா போட்டது மட்டும் அழியும். ஏசி அழுத்தினா மொத்தமா காலி" என்று கையேட்டைப் படித்துச் சொன்னார். "ஆன்ஸ்னா, முன்னாடி வந்த விடையைத் திரும்பக் கொடுக்கும். மைனஸ் ரெண்டு இருக்கு. ஒண்ணு கழிக்கறதுக்கு. ஒண்ணு, பிறக்கும்போதே மைனஸா பிறந்த எண்ணுக்கு."

"மருந்து மைனஸ்ல கொடுப்பாங்களா?"

"கொடுத்ததைத் திரும்ப எடுக்கும்போது."

"சும்மா இருங்க" என்று அவள் சிரித்தாள். அவருக்கு அன்றைய சம்பளம் அதுதான்.

அவர் ஒவ்வொரு கணக்காகப் படித்தார். அவள் கால்குலேட்டரைக் கண் எடுக்காமல் பார்த்து, ஒவ்வொரு பொத்தானாகத் தேடி அழுத்தினாள். பெருக்கியதைக் கீழே வைத்து வகுக்க வேண்டுமானால் அடைப்புக்குறி போட வேண்டும் என்பதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். பத்தும் சரி. ஆனால் முப்பத்தைந்து நிமிஷம் ஆனது.

"வேகம்தானே? அது வந்துடும்" என்றார் மெக்கானிக். வேகம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவர் கடிகாரத்தைப் பிடிக்க, ஒன்பதே நிமிஷத்தில் பேனாவை மூடினாள். அவர் விடைத்தாளைப் பார்த்துத் திருத்தினார். பத்தில் ஒன்று சரி.

மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி ஒன்று. அதுவும் அதே ஒன்று.

பதினேழு கிலோ குழந்தை, கிலோவுக்கு மூன்று மில்லிகிராம், ஒரு மில்லியில் பத்து மில்லிகிராம். விடை ஐந்து புள்ளி ஒன்று. அவள் எழுதியிருந்தது தொண்ணூற்றொன்று. இருபத்தெட்டு கிலோ, கிலோவுக்கு இரண்டு, மில்லியில் எட்டு. விடை ஏழு. அவள் எழுதியிருந்தது முந்நூற்று இருபத்தெட்டு. அந்தக் குழந்தைக்கு மருந்தை ஒரு பெரிய டம்ளரில் கொடுத்து, குடிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதுதான். இரண்டு கணக்கில் கால்குலேட்டர் விடையே தரவில்லை. சின்டாக்ஸ் எரர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவள் பேனாவை மேஜைமேல் வைத்தாள். வைத்த விதத்தில் சத்தம் வரவில்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

"எனக்குக் கணக்கு வராதுங்க."

"நேத்து பத்தும் சரியா வந்துச்சே மேடம்."

"நேத்து நீங்க பக்கத்துல இருந்தீங்க."

"இன்னிக்கும் பக்கத்துலதானே இருக்கேன்? உன் கண்ணுக்கு நான் தெரியலையா?"

"ரயில் டைம் பார்த்து வைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

மெக்கானிக் விடைத்தாளுடன் தனியாக இருந்தார். கணக்கு அவருக்கும் பெரிதாக வராது. ஆனால் பழுது பார்க்க வரும். ஒரு கட்டடத்தில் எல்லா மாடிக்கும் பொத்தான் தப்பாக வேலை செய்து, ஒன்றிரண்டு மட்டும் சரியாக இருந்தால், தப்பானவற்றைக் குடைந்து பிரயோஜனமில்லை. சரியாக இருப்பது ஏன் சரியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சரியாக வந்த ஒரே கணக்கு இது: ஐம்பத்தாறு கிலோ, கிலோவுக்கு ஐந்து, மில்லியில் நான்கு. விடை எழுபது. அதில் அழுத்த வேண்டிய எண்கள் ஐந்து, ஆறு, ஐந்து, நான்கு.

நாலு, அஞ்சு, ஆறு. நடு வரிசை. நடு வரிசைக்கு மட்டும் வயர் சரியாகப் போகிறது.

"மேடம், கொஞ்சம் வா. கையைத் துடைச்சுட்டு வா."

வந்தாள்.

"என் போன் நம்பரை இதுல போடு. இதைப் பார்க்காதே. என் மூஞ்சியைப் பாரு."

"உங்க மூஞ்சியைப் பார்த்தா நம்பர் மறந்துடும்."

"போடேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விரல் தானாக ஓடியது. ஆறு வருஷம், மாதம் இரண்டு தடவை ஓடிய விரல். முதலில் நடுவில் இருக்கும் ஐந்தின் மேல் போய், அதிலிருக்கும் சின்னப் புடைப்பைத் தொட்டுப் பார்த்தது. எக்ஸ்சேஞ்ச் பலகையிலும் ஐந்தில் அதே புடைப்பு. சரியான இடத்தில்தான் இருக்கிறோம் என்று விரலுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. படபடவென்று போட்டு முடித்தாள். அவருடைய நம்பரின் கடைசி நான்கு எண்கள் இரண்டு, எட்டு, ஒன்று, ஏழு. திரையில் எட்டு, இரண்டு, ஏழு, ஒன்று என்று நின்றது.

"ஆறு வருஷமா யாருக்குப் போன் பண்ணிட்டு இருந்தே நீ?" என்றார் மெக்கானிக்.

அவள் திரையைப் பார்த்தாள். கால்குலேட்டரைப் பார்த்தாள். சுவரோரம் ஸ்டூலில் இருந்த வீட்டு டெலிபோனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். டெலிபோனில் ஒன்று, இரண்டு, மூன்று மேல் வரிசை. கால்குலேட்டரில் மேல் வரிசை ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்று, இரண்டு, மூன்று கீழே. டெலிபோனில் சைபர் இருக்கும் நடு இடத்தில் இங்கே புள்ளி இருந்தது. நூறு போட்டால் ஏழும் இரண்டு புள்ளியும் விழும். அது எந்த ஊர் எண் என்று தெரியாமல்தான் பாவம், பெட்டி சின்டாக்ஸ் எரர் என்று அழுதிருக்கிறது.

பத்தொன்பது வருஷமாக அவள் எண்களைப் பார்த்து அழுத்தியதே இல்லை. கண்ணுக்கு, பலகையில் எரியும் விளக்குகளைப் பார்க்கிற வேலை, காதுக்குக் கேட்கிற வேலை, விரலுக்கு விரல் வேலை. நேரம் துரத்தும்போது கண் கேள்வித்தாளுக்குப் போய்விட்டது, விரல் பழைய வேலைக்குப் போய்விட்டது.

"அப்போ எனக்குக் கணக்கு வரும்" என்றாள் மெதுவாக.

"கணக்கு வரும். விரல்தான் இன்னும் எக்ஸ்சேஞ்சுல டூட்டி பார்த்துட்டு இருக்கு."

அவள் கண் கலங்கினாள். பெரிதாக இல்லை, ஒரு துளி, அதையும் பாத்திரத் துணியால் துடைத்துக்கொண்டாள்.

பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் மெக்கானிக்குக் கை சும்மா இருக்காது. புதன்கிழமை மத்தியானம் அவள் குளித்துவிட்டு வந்தபோது, மேஜைமேல் செய்தித்தாள் விரித்து, மருத்துவமனைச் சொத்தான கால்குலேட்டரின் முதுகில் ஆறு திருகையும் கழற்றி வரிசையாக வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் குட்டித் திருப்புளி அவர் கையில் இருந்தது.

"ஐயையோ, என்ன பண்றீங்க?"

"பயப்படாதே. மேல் வரிசைப் பொத்தானை எடுத்துக் கீழே, கீழ் வரிசையை மேலே. ரெண்டே நிமிஷம். உன் விரல் எப்படிப் போகுதோ அப்படியே பெட்டி இருக்கும்."

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தாள். "பொத்தானோட மூடியை மாத்தினா, அடியில இருக்கறது மாறுமா?"

மெக்கானிக்கின் திருப்புளி நின்றது. இருபது வருஷமாக, ஒவ்வொரு கட்டடத்து நிர்வாகியிடமும் அவர் பொறுமையிழந்து சொல்லி வந்த வசனம் இது: சார், பொத்தான்மேல ஸ்டிக்கரை மாத்தி ஒட்டினா லிஃப்ட் வேற மாடிக்குப் போகாது சார். ஆசை வந்தால் தொழில் மறந்துபோகும் போலிருக்கிறது.

"அடியில பலகையிலேயே வயரை மாத்தி இழுத்தா..." என்று இழுத்தார்.

"இழுத்தா? வேலைக்குப் போனா அந்த அறையில நாலு கால்குலேட்டர் இருக்கும். என் கைக்கு எது கிடைக்குதோ அதுதான். இல்ல, என்னோட மாறுவேஷப் பெட்டியை வேற யாராவது அவசரத்துல எடுத்துட்டா? குழந்தைக்கு மருந்துங்க." அவள் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "பெட்டியை விடுங்க. நான் விரலை மாத்திக்கறேன்."

அவர் மூடினார். ஆனால் விரல் மாறவில்லை. அன்று ராத்திரி வரை போராடினாள். டெலிபோனைத் துணி போட்டு மூடி வைத்தாள். மெதுவாகப் போட்டால் சரி. கடிகாரத்தை வைத்தால் ஏழு ஒன்றாகி, ஒன்று ஏழாகி, சைபர் புள்ளியாகியது. தப்பு வந்தால் டெல் அழுத்தி ஒரே ஓர் எண்ணை அழிக்கலாம் என்பதும் விரலுக்கு ஏறவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஒரு எண் தப்பினால் லைனை வெட்டிவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் ஏசியையே அழுத்தி மொத்தக் கணக்கையும் சாகடித்தாள்.

வியாழக்கிழமை காலை டீ குடிக்கும்போது சலித்துப்போய்க் கேட்டாள். "கேக்கறேன், எந்தப் புண்ணியவான் இந்த ஏழைத் தூக்கி மேல வெச்சான்? ஒண்ணுலேருந்துதானே ஆரம்பிக்கணும்? ஒண்ணு மேலதானே இருக்கணும்?"

"ஒண்ணு எங்கேயாவது மேல இருக்குமா?" என்றார் மெக்கானிக், செய்தித்தாளிலிருந்து கண் எடுக்காமல். "ஒண்ணு கீழதான். ஏழு மேல."

"எங்கே?"

"கட்டடத்துல."

சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே கேட்டதும் செய்தித்தாளை மடித்தார். "மேடம், செருப்பைப் போடு."

ஊரின் கடைத்தெரு முனையில் ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் லிஃப்ட்டுக்கு அன்று மாதாந்திரச் சோதனை. உள்ளே போய் நின்றதும் அவள் பொத்தான் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழ் வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் நாலு, அஞ்சு, ஆறு. மேலே ஏழு, எட்டு, ஒன்பது. அடியில் இடப்பக்கம் தரைத்தளத்துக்குச் சைபர். அதற்குப் பக்கத்தில், கால்குலேட்டரில் புள்ளி இருக்கும் இடத்தில், கதவு திறக்கும் பொத்தான்.

"இந்தப் பெட்டி உனக்கு விடை சொல்லாது. கொண்டுபோய்க் காட்டும்" என்றார். "கண்ணை மூடிக்கோ. பதினேழு கிலோ."

அவள் கண்ணை மூடினாள். விரல் மேலே போனது. லிஃப்ட் கிளம்பி ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. ஒன்றாம் மாடிக்கு யாரும் இவ்வளவு நேரம் ஏற மாட்டார்கள். கதவு திறந்தபோது அவளுக்குக் கண் திறக்கத் தேவை இருக்கவில்லை.

"ஏழு" என்றாள் கடுப்பாக.

"ஒண்ணு எங்கே இருக்கு?"

"கீழ." விரல் இறங்கியது.

ஒரு மணி நேரம் ஏறி இறங்கினார்கள். வாசலில் 'பராமரிப்பு நடைபெறுகிறது' என்று பலகை வைத்திருந்தும், ஐந்தாம் மாடியில் கதவு திறந்தபோது ஒருவர் உள்ளே வந்துவிட்டார். அந்த மாடியில் பல் ஆஸ்பத்திரி. அவருடைய ஒரு கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு திணித்து, பேச்சு மரத்துப்போயிருந்தது.

"ஈயே" என்றார். கீழே என்று அர்த்தம்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே, ரெண்டு கணக்கு இருக்கு" என்றார் மெக்கானிக்.

பல்வலிக்காரர் எட்டுக்குப் போனார். இரண்டுக்கு வந்தார். மறுபடி எட்டுக்குப் போனார். கண்ணை மூடிக்கொண்டு பொத்தான் அழுத்தும் ஒரு பெண்ணையும், தாளைப் பார்த்து "இருபத்தெட்டு கிலோ" என்று அறிவிக்கும் ஓர் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் இருந்திருந்தால் நிறையப் பேசியிருப்பார். அவள் கண்ணைத் திறந்து விஷயத்தைச் சொன்னாள்: நாளைக்குப் பரீட்சை, தப்பினால் ஏழு மணி நேரம் தள்ளி வேலை, விரல் பழக வேண்டும். அவர் பஞ்சோடு தலையாட்டினார். பிறகு ஒரு கையை உயர்த்தி மூன்று விரல் காட்டினார். அவள் கண்ணை மூடி மூன்றை அழுத்தினாள், மூன்று வந்தது. இரண்டு கையிலும் சேர்த்து ஒன்பது காட்டினார், ஒன்பது. கையைச் சுருட்டி முட்டை மாதிரிக் காட்டினார். அவள் விரல் அடி வரிசைக்குப் போய், நடுவில் ஒரு கணம் தயங்கி, இடப்பக்கம் நகர்ந்தது. தரைத்தளம் வந்தது. கதவு திறந்தது. பல்வலிக்காரர் இறங்கவில்லை. அடுத்து ஆறு விரல் காட்டினார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மெக்கானிக்குக் கடைத்தெருவில் வேலை இருந்தது. அதை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டு, மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த லிஃப்ட்டை நிறுத்தி, அதன் பொத்தான் பலகையைக் கழற்றித் தரையில் பரப்பினார். மருந்து கலக்கும் அறை எதிரேயே இருந்தது. கதவில் கண்ணாடி.

உள்ளே மூன்று பேர் பரீட்சை எழுதினார்கள். அவருக்கு அவள் முதுகும் வலது தோளும் மட்டும் தெரிந்தன. அது போதுமாக இருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது அழுத்தும்போது அந்தத் தோள் இம்மியளவு முன்னே போகும். ஒன்று, இரண்டு, மூன்றுக்குப் பின்வாங்கும். நேற்று ஒரு மணி நேரம் அவர் பார்த்தது லிஃப்ட்டை அல்ல.

தோள் போய்ப் போய் வந்தது. சரளமாக, பயமில்லாமல். அவர் திருகு ஒன்றை மாட்டி, கழற்றி, மாட்டினார். திடீரென்று தோள் நின்றது. அவள் கையை மேஜைமேல் விரித்து வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிஷம் ஓடியிருந்தது. அவள் எதையோ எழுதி, அடித்தாள். அசையாமல் இருந்தாள். அந்தக் கால் நிமிஷத்தில் மெக்கானிக் ரயிலில் ஏழு மணி நேரம் போய்விட்டு வந்தார். பிறகு தோள் மறுபடி நகர்ந்தது; ஆனால் மெதுவாக, ஒவ்வொரு எண்ணாக.

பத்து நிமிஷம் முடிந்தது. மற்ற இருவரும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். அவள் வரவில்லை. லேபிள் அம்மா அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். லேபிள் அம்மா தாளை மறுபடி அவள் முன்னால் வைத்தார். பன்னிரண்டு நிமிஷம். பதினான்கு.

மெக்கானிக் திருப்புளியைக் கீழே வைத்தார். கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். படி ஏறி வந்த ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "ரொம்பப் பெரிய ரிப்பேரா?" என்று கேட்டார்.

"பெரிசுதான்" என்றார்.

பதினாறாம் நிமிஷம் கதவு திறந்தது. அவள் வந்து எதிரில் நின்றாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ வீட்டுச் செய்திகளைக் கேட்டும் கேளாமலும் இருந்த முகம்.

"ஏழாவது கணக்குல விரல் பழைய இடத்துக்குப் போயிடுச்சுங்க" என்றாள். "பதினெட்டு கிலோ குழந்தை. எண்பத்திரண்டு மில்லின்னு வந்துச்சு. எழுதிட்டேன்."

"ஐயோ."

"எழுதினதும்தான் பார்த்தேன். பதினெட்டு கிலோ குழந்தை எண்பத்திரண்டு மில்லியை எப்படிக் குடிக்கும்? அடிச்சுட்டேன். மொத்தமா ஏசி அழுத்திட்டு, பார்த்துப் பார்த்துப் போட்டேன். மூணு புள்ளி ஆறு. அதுல நேரம் போச்சு. பத்தாவது கணக்கைத் தொடவே முடியலை."

மெக்கானிக் தலையை ஆட்டினார். ஒன்பது. பத்துக்கு ஒன்பது.

"லேபிள் அம்மா பார்த்தாங்க. இந்த எண்பத்திரண்டு ஏன் அடிச்சிருக்குன்னு கேட்டாங்க. சொன்னேன். 'பத்தாவது எங்கே'ன்னாங்க. நேரம் முடிஞ்சிடுச்சு மேடம்னேன்." அவள் நிறுத்திக்கொண்டு, லேபிள் அம்மாவின் குரலிலேயே சொன்னாள்: "'நேரம் நிர்வாகத்தோடது. பத்து என்னோடது. உட்காருங்க, போடுங்க.'"

"போட்டியா?"

"ஒரு தடவை பார்த்துப் போட்டேன். ஒரு தடவை பார்க்காம போட்டேன்."

"ரெண்டும்?"

"ஒண்ணாவே வந்துச்சு."

அவர் கருவிப் பெட்டியிலிருந்து எழுந்தார்.

"திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு வரச் சொன்னாங்க. மூணு மாசத்துக்கு நான் போடற ஒவ்வொரு கணக்கையும் அவங்க திரும்பப் போட்டுப் பார்ப்பாங்களாம்."

"மூணு மாசம் கழிச்சு?"

"அவங்க போடறதை நான் பார்க்கணுமாம். அந்த அறையில அப்படித்தானாம். ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் பார்க்காம ஒரு சொட்டு வெளிய போகாதாம்." அப்போதுதான் அவள் சிரித்தாள். பிறகு தரையில் பரப்பியிருந்த வயர்களையும் திருகுகளையும் பார்த்தாள். படியில் ஒரு வரிசை ஜனம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தாள்.

"ஏங்க, இது நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு?"

"ஓடிட்டுதான் இருந்துச்சு."

"வெக்கமா இல்ல? சீக்கிரம் மாட்டுங்க."

அவர் பலகைக்கு முன்னால் மண்டியிட்டார். அவள் பின்னால் நின்று டார்ச் பிடித்தாள். இன்னொரு கை சும்மா இருந்தது. அதை அவர் முதுகில் வைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் ஒரு விரல் முதுகில் தட்ட ஆரம்பித்தது. மேலே ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, கீழே இரண்டு தட்டு, மறுபடி மேலே. அவர் திருகுவதை நிறுத்திவிட்டு, அது எந்த எண் என்று கண்டுபிடிக்கப் பார்த்தார்.

"என்ன கணக்கு மேடம்?"

"கணக்கெல்லாம் இல்ல. சும்மா."

மெக்கானிக் வேலையைத் தொடர்ந்தார். நாலே நாலு திருகுதான் பாக்கி. ஒவ்வொன்றையும் ரொம்ப நிதானமாகத் திருகினார்.